லாண்ட்மாஸ்டரின் கண்ணாடிக் கைப்பிடி

ஸ்ரீரங்கம் போலீஸ் ஸ்டேஷனில் காபி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. முதல் டிக்காஷனேதான், சந்தேகமில்லை. எதிர்த்த ஹோட்டலிலிருந்து வருகிறதாம். எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டையாவுக்கும் ஒன்று சொல்லுங்கள் என்றேன், அவர் தலையே நிமிரவில்லை. நீங்களாவது குடியுங்கள், அற்புதசாமி சார். ஆறிப்போனால் வாயில் வைக்க முடியாது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார் இன்ஸ்பெக்டர் ஐயா. அவர் கேட்க, நான் உங்களைப் பார்த்துச் சொல்வதில் அவருக்கு மனத்தாங்கல் வேண்டாம். நியாயத்தைப் பாருங்கள். வண்டி திருடுபோனது என்று நான் கிளெய்ம் போட்டது உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில். அதை விசாரிக்க வந்தவர் நீங்கள். பாலக்கரையிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு, சட்டையெல்லாம் வேர்வையில் ஒட்டிக்கொள்ள, எத்தனை நடை வந்திருப்பீர்கள். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அப்படிப்பட்ட மனிதருக்குக் கடைசியில் ஒரு நல்ல பதில் கிடைக்கவேண்டும் என்று எனக்கு இருக்காதா.

காலையிலிருந்து எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வருகிறது. ஜீப்பில் வரும்போது மொட்டைக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு எருமை குறுக்கே நின்றுகொண்டது. இன்ஸ்பெக்டர் ஐயா ஹார்னை அடிக்கிறார், அது அவரைத் திரும்பிப் பார்க்கிறது, மறுபடி அசைபோடுகிறது. எனக்கு அடக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு மாதமாக வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்த ஒரு சங்கதியைச் சொல்லப்போகிறோம் என்றால் யாருக்கும் உடம்பு லேசாகிவிடும், சார்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முறையாக இருக்கட்டும். பெயர் ரத்தினவேல். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. தொட்டியத்துப் பக்கம், காவேரிக் கரையை ஒட்டிச் சொந்தத்தில் வாழைத் தோட்டம். குடியிருப்பது அம்மாமண்டபம் ரோட்டில். தகப்பனார் திதி, தாயார் திதி, ஆடி அமாவாசை, தை அமாவாசை என்று பெரியவர்களுக்குச் செய்யவேண்டிய எதையும் நான் தவறவிட்டது கிடையாது. வியாபாரத்தில் என்னைப் பற்றி ஆயிரம் சொல்வார்கள், ஆனால் இந்த விஷயத்தில் ஊரில் ஒரு வாய் என்னைக் குறை சொல்லாது. ஏட்டையா இதை அவசியம் எழுதிக்கொள்ளவேண்டும்.

வண்டி ஒரு பச்சை நிற லாண்ட்மாஸ்டர் கார். வாங்கிய அன்றைக்குச் சமயபுரத்துக்குக் கொண்டுபோய், சந்தனம் குங்குமம் இட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அம்மன் சந்நிதியைப் பார்த்து ஹார்ன் அடித்துக் கொண்டுவந்த வண்டி. அன்றைக்கு அதை ஓட்டியவன் பிச்சைமுத்து. கடைசி நாள் வரைக்கும் ஓட்டியவனும் அவனேதான்.

பிச்சைமுத்து உறையூர்க்காரன். தறிக்காரக் குடும்பம். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று தறியை விட்டுவிட்டு, என் லாரியில் கிளீனராக வந்து சேர்ந்தான். அங்கேயே ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டான். கல்யாணம் கட்டவில்லை. மாரியாயி என்று ஒரு அக்கா, அவளும் தனிக்கட்டை, தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவள். என் மனைவி அமிர்தத்தின் மூக்குத்தித் திருகாணி ஒருமுறை வண்டிக்குள் விழுந்துவிட்டது. கடுகு அளவு இருக்கும். ஒரு முழுப் பகல் சீட்டைக் கழற்றித் தேடி எடுத்து, வாழை இலைத் துணுக்கில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அப்படி ஒரு பிறவி. அவனைத் தம்பி மாதிரி வைத்திருந்தேன் என்று நான் சொன்னால் மார்க்கெட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள்.

வண்டியில் ஒரு சின்னக் குறை இருந்தது. டிரைவர் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. உள்தாழ்ப்பாள் எப்போதோ உடைந்துபோனது. ஜமால் பட்டறையில் விட்டுச் சரிபண்ணலாம் என்று நானே சொன்னேன். பிச்சைமுத்து கேட்கவில்லை.

"எதுக்குங்க முதலாளி வீண் செலவு? கண்ணாடிய எறக்கிட்டு வெளிய கைய விட்டுத் தொறந்துக்கறேன். எனக்கு அது பழகிப்போச்சுங்க."

என் காசைத் தன் காசாக நினைக்கிறவன். அப்புறம் நான் ஏன் வற்புறுத்தப் போகிறேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அம்பாசடர் வந்துவிட்டது. தோல் வியாபாரி ஹபீபுல்லா பாய்தான் எங்கள் வட்டாரத்தில் முதலில் எடுத்தார். ஒருநாள் மண்டி வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்க ரத்தினவேலு, காவேரிப் பாலம் வரைக்கும் சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்றார். ஏறினேன். என்ன சொல்வேன், சார். சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு வரைக்கும் புதைகிறது. பாலத்தில் காற்று வருகிறது, வண்டி ஓடுகிற சத்தமே கேட்கவில்லை, பக்கவாட்டில் மலைக்கோட்டை தானாக நகர்ந்து போகிறது. இறங்கும்போது என் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்ததும் அமிர்தம், "என்னங்க, பொண்ணு பாத்துட்டு வந்த மாப்பிள்ளையாட்டம் சிரிக்கிறீங்க" என்று கேட்டாள். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு லாண்ட்மாஸ்டரில் ஏறினால் உடம்பெல்லாம் கூசியது. ஏற்றத்தில் இருமுகிறது, இறக்கத்தில் முனகுகிறது. விற்றுவிடலாம் என்று தரகர்களைக் கூப்பிட்டேன். வந்தவன் எல்லாம் என்ஜினைத் திறந்து பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவன்போல நின்றுவிட்டுப் போனான். வாங்குகிறவன் கண்ணுக்கு அது இரும்புக் கழிவு. ஆனால் உங்கள் பாலிசியைப் பாருங்கள், அதில் மட்டும் அது இன்னும் இளமையாக இருந்தது. ஓடுகிற வண்டிக்கு ஒரு விலையும், காணாமல் போகிற வண்டிக்கு வேறு விலையும் இருக்கிற விசித்திரத்தை நான் உண்டாக்கவில்லை. நீங்கள் உண்டாக்கி வைத்திருந்தீர்கள், நான் கவனித்தேன், அவ்வளவுதான்.

ஆக, வண்டி காணாமல் போகவேண்டும். என் தோட்டத்தின் கடைசியில் கரை சரிந்து இறங்குகிற இடத்தில் ஆற்றில் ஆழமான மடு ஒன்று இருக்கிறது. ஆடியில் காவேரி கரைபுரண்டு வரும்போது பரிசல்காரர்களே அந்தப் பக்கம் ஒதுங்கிப் போவார்கள். அதில் ஒரு வண்டி இறங்கினால் தண்ணீருக்குப் பாரமே கிடையாது. வண்டியை அங்கே விட்டுவிட்டு, தெப்பக்குளத்துப் பக்கம் நிறுத்தியிருந்தபோது எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பிச்சைமுத்துவிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். ஒரு மூலையில் போய் நின்று அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "முதலாளி சொன்னா சரிங்க" என்றான்.

அடுத்தது ஒத்திகை. மண்டிக்குப் பின்னால் வாழைத்தாருக்குப் புகை போட்டுப் பழுக்கவைக்கிற அறை இருக்கிறதே, அதற்குள் உட்கார்ந்துகொண்டோம். நான் போலீஸ், அவன் அவனேதான்.

"வண்டிய எங்கப்பா நிறுத்துன?"

"தெப்பக்குளத்துக்கிட்டங்க."

"நிறுத்திட்டு?"

"காபி குடிக்கப் போனேங்க."

"திரும்பி வந்து பார்த்தா?"

"வண்டி அங்கயேதாங்க இருந்துச்சு."

நான் சிரித்த சிரிப்பில் புகை தொண்டைக்குள் போய் இருமல் வந்துவிட்டது. அவன் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துவந்தான். மறுபடி கேட்டேன். இந்தத் தடவை வண்டி காணாமல் போயிற்று, ஆனால் மடுவில் காணாமல் போயிற்று. அதற்கடுத்த தடவை எல்லாம் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெக்காளியம்மன் மேல சத்தியம் பண்ணுன்னு போலீசு சொன்னா என்னங்க செய்யறது? பொய் சொன்னா எனக்குத் தொண்டையிலயே நின்னுக்குதுங்க முதலாளி" என்றான். முகமெல்லாம் வேர்வை. எனக்கு அவனைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அந்தப் புகைக்குள்ளேதான், சார், எனக்கு அந்த யோசனை உதித்தது. சட்டென்று எல்லாம் தெளிவாகிவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவனை எதற்குச் சாட்சியாக வைத்துக் கஷ்டப்படுத்த வேண்டும். திருட்டு என்றால் திருடன் ஒருவன் தேவைப்படுகிறான். திருடனுக்கு வசனம் கிடையாது. இவனை அந்த இடத்தில் வைத்துவிட்டால் இவன் ஒரு வார்த்தைகூடப் பொய் பேச வேண்டியதில்லை. எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியவில்லை. எழுந்து அவன் முதுகில் தட்டி, "விடுடா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவன் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

ஆடிப் பெருக்கு முடிந்து சில நாட்களில் நான் போலீசில் எழுதிக் கொடுத்தேன். வண்டியையும் காணோம், டிரைவரையும் காணோம் என்று எழுதினேன். இரண்டுமே உண்மை. மிச்சத்தைப் படித்தவர்கள் தாங்களே கூட்டிக்கொண்டார்கள். மார்க்கெட் முழுக்க என்னிடம் வந்து அங்கலாய்த்தது. "சோறு போட்ட கைக்கே துரோகம் பண்ணிட்டானே" என்று கியாசுதீன் கடையில் எனக்கு சர்பத் வாங்கிக் கொடுத்தார்கள். நான் பிச்சைமுத்துவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. "சின்ன வயசு, புத்தி கெட்டுப்போச்சு, எங்கயிருந்தாலும் நல்லாயிருக்கட்டும்" என்றுதான் சொன்னேன். இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று என் காதுபடவே பேசினார்கள்.

அவன் அக்கா மாரியாயி மட்டும் மண்டிக்கு வந்தாள். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எந்தம்பி கீழ கெடக்கற காசக்கூட எடுக்கமாட்டாங்கய்யா, உங்களுக்கே தெரியும். அவன் வந்தாலும் வரட்டும், வராட்டியும் போகட்டும். திருடன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களாமே, அதமட்டும் மாத்திக் குடுத்துடுங்க. தெருவுல தலைநிமிர முடியல. நூல் குடுக்கறவங்ககூட எண்ணிப்பாத்துக் குடுக்கறாங்க" என்றாள். நான் ஒரு சீப்பு பூவம்பழம் கொடுத்து அனுப்பினேன். வாங்கிக்கொள்ளாமல் போனாள். அப்புறம் வாராவாரம் வந்தாள். வந்து அதே ஒன்றைத்தான் கேட்டாள். இந்த ஜனங்களுக்குப் பேர்மீது இருக்கிற ஆசையைப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில் நீங்கள் வந்தீர்கள். வந்து நிதானமாக உட்கார்ந்து ஒரு சட்டம் சொன்னீர்கள் பாருங்கள், எனக்கு மயக்கமே வந்துவிட்டது. வெளியாள் எடுத்துக்கொண்டு போனால்தான் திருட்டாம். நம்பிச் சாவியைக் கொடுத்துவைத்த சொந்த டிரைவரே ஓட்டிக்கொண்டு போனால் அது நம்பிக்கைத் துரோகமாம். திருட்டுக்குப் பணம் உண்டு, துரோகத்துக்குக் கம்பெனி யோசிக்குமாம். அன்றைக்கு நீங்கள் போன பிறகு நான் தனியாக உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன். இதை ஒத்திகைக்கு முன்னாலேயே ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் பிச்சைமுத்து இந்நேரம் ஹபீபுல்லா பாயின் டிரைவரோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான். அவனுடைய விதி உங்கள் கம்பெனியின் ஒரு சின்ன விதியில் இருந்திருக்கிறது.

கிளெய்ம் நின்றுவிட்டது. அம்பாசடருக்குப் பதிந்து வைத்திருந்தவன் நான், ராத்தூக்கம் போயிற்று. திருவானைக்கோயிலில் ஒரு ஜோசியரிடம் போனேன். அவர் சோழியை உருட்டிப் பார்த்துவிட்டு, "கைக்கு வரவேண்டியது வாசல்ல வந்து நிக்குது, உள்ள வரமாட்டேங்குது. எள்ளும் தண்ணியும் கிடைக்காத ஆத்மா ஒண்ணு வழியை அடைச்சிண்டு நிக்கறது. உங்க பித்ருக்கள்ல யாரையாவது விட்டுட்டேளா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நானாவது, விடுவதாவது. தகப்பனாரிலிருந்து மூன்று தலைமுறையைச் சொல்லி, அந்தப் பக்கம் தாயார் வழியையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது புத்தியில் பட்டது. பிச்சைமுத்துவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் தம்பி இல்லை. அக்கா பெண்பிள்ளை, அவள் எள் இறைக்க முடியாது. தாகத்தோடு நிற்கிறான் பையன். அவனுக்கு என்னை விட்டால் யார்.

அப்படித்தான் புரட்டாசி மஹாளய அமாவாசை அன்று அம்மாமண்டபத்தில் உட்கார்ந்தேன். அந்த அமாவாசைக்கு ஒரு பெருமை உண்டு. பெற்றவர்களுக்கு மட்டுமல்ல, நாதியில்லாமல் போன யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். படித்துறையில் நிற்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். என் முறையெல்லாம் முடிந்து கடைசியில் பிச்சைமுத்து பேரைச் சொன்னேன். சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "உறவு என்ன?" என்றார்.

"உறவு இல்லைங்க சாமி. எங்கிட்ட வேலைபார்த்த டிரைவர்."

"கோத்ரம்?"

"தெரியாதுங்களே."

"பரவாயில்லை, காச்யபம்னு சொல்லிக்கலாம். டிரைவருக்குத் தர்ப்பணம் பண்ற முதலாளிய இந்தப் படித்துறையில நான் பார்த்ததில்லை. நன்னா இருப்பேள்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சார். பொய்யில்லை. கை நிறைய எள்ளும் தண்ணீருமாக விட்டேன். ஒரே ஒரு குறைதான். எள் கிழக்கே பார்த்து ஓடுகிறது, அவன் இருப்பது மேற்கே, ஆற்றின் மேல்முகத்தில். ஆனால் மந்திரத்துக்குத் திசை கிடையாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நீங்கள் அங்கே நின்றது எனக்குத் தெரியாது. வீட்டில் விசாரித்துக்கொண்டு படித்துறைக்கே வந்திருக்கிறீர்கள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சடங்கு முடியட்டும் என்று மரியாதையாக ஓரத்தில் நின்றிருக்கிறீர்கள். அந்த மரியாதைதான் எனக்கு உங்களிடம் பிடித்தது. இருவரும் ஹோட்டலுக்குப் போனோம். அன்றைக்கு நான் விரதம், எனக்குக் காபி மட்டும். நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள்.

"தப்பா நினைக்காதீங்க சார். எங்கள்ல கல்லறைத் திருநாள்னு ஒண்ணு உண்டு, செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணுவோம். இந்த எள்ளும் தண்ணியும் அதே மாதிரியா, இல்ல, எங்கயோ தூரத்துல இருக்கறவங்க நல்லாயிருக்கணும்னும் செய்வீங்களா?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு படித்த மனிதர் இப்படிக் கேட்கலாமா. உயிரோடு இருக்கிறவன் பேரைச் சொல்லி எள் இறைப்பதைப் போல மகாபாவம் வேறு இல்லை என்றேன். கேட்டால் அவன் குடும்பமே நம்மை அடிக்க வரும் என்றேன். மூச்சு அடங்கியது நிச்சயமாகத் தெரிந்தால் ஒழிய, பேரை உச்சரிக்கவே கூடாது என்றேன். எள் எதற்கு, தர்ப்பை எதற்கு, கை விரல் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று ஒன்றுவிடாமல் உங்களுக்கு விளக்கினேன். நீங்கள் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டீர்கள். நான் முடித்த பிறகு, "அப்ப பிச்சைமுத்து?" என்றீர்கள். சத்தமே இல்லாமல் கேட்டீர்கள்.

டம்ளர் என் வாய்வரைக்கும் வந்து நின்றது.

இப்போது யோசித்தால் எத்தனையோ பதில் இருக்கிறது. அவன் வேறு பிச்சைமுத்து, போன வருஷம் செத்த பழைய டிரைவர் என்று சொல்லியிருக்கலாம். எங்கேயோ செத்துப்போனதாகச் சேதி வந்தது என்று அளந்திருக்கலாம். இல்லையென்றால், கூட்டத்தில் ஏதோ வாய் தவறிவிட்டது, தப்பாகத் தர்ப்பணம் பண்ணிவிட்டேன் என்று தலையில் தட்டிக்கொண்டிருக்கலாம். அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு எள் இறைத்த மடையன் என்று ஸ்ரீரங்கத்தில் பேரெடுத்துவிட்டு நான் எப்படி அந்தப் படித்துறையில் மறுபடி கால்வைப்பேன். ஒரு நொடிதான் யோசித்தேன். "முறைப்படிதான் சார் செஞ்சேன். அவன் செத்துட்டான். எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன். சொன்னதும் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதுதான் இன்னும் நிற்கவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் கிளாசில் காபி அப்படியே இருந்தது. அதனால்தான் இதையாவது குடியுங்கள் என்கிறேன்.

சரி, கரைக்கு வருகிறேன். இன்ஸ்பெக்டர் ஐயா பொறுமையிழக்கிறார்.

ஆடிப் பெருக்குக்கு மறுநாள், விடிந்து கொஞ்ச நேரத்தில் நானும் பிச்சைமுத்துவும் தோட்டத்துக்குப் போய்விட்டோம். அன்றைக்கு ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆடிக்காற்று மணலை வாரி அடித்தது. வண்டி சீக்கிரம் அமிழவேண்டும் என்று மணல் மூட்டை ஏற்றச் சொன்னேன். பின்சீட்டிலும், முன்னால் டிரைவருக்குப் பக்கத்திலும், கூரை தொடுகிறவரை அவனே அடுக்கினான். கெட்டிக்காரன், ஒரு இடுக்குவிடாமல் அடுக்கினான். கடைசி மூட்டையைக் கட்டிக்கொண்டு இருந்தபோது, நான் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, ஏற்றுகிற கைப்பிடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு சின்ன ஊசியைத் தள்ளினால் கழன்று வந்துவிடும், ஜமால் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

சரிவில் ஒரு மருதமரம் இருக்கிறது. வண்டியைச் சும்மா தள்ளிவிட்டால் அதில் போய் முட்டிக்கொள்ளும். மரம் தாண்டுகிறவரை தானே ஸ்டியரிங் பிடித்துத் திருப்பிவிட்டு, தண்ணீர் வருவதற்குள் குதித்துவிடுவதாகச் சொன்னவன் பிச்சைமுத்து. நான் சொல்லவில்லை. அவனாகச் சொன்னான். சக்கரத்துக்கு நான்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். முதல்நாள் வைத்ததைக் கடைசிநாள் வைக்காமல் இருக்கலாமா. அப்புறம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுப்பா" என்றேன். முதலாளி கதவு திறந்துவிடுகிறாரே என்று அவனுக்கு வெட்கம். கூனிக் குறுகிக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஏறினான். நான்தான் கதவைச் சாத்தினேன். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லையும் நான்தான் எடுத்தேன்.

வண்டி மெதுவாகத்தான் கிளம்பியது. நான் பக்கத்திலேயே நடந்துபோனேன். மரத்துக்கிட்டே வண்டியை அழகாக ஒடித்துத் திருப்பினான், ஒரு இலைகூட உரசவில்லை. பிறகு அவன் கை கதவில் எதையோ தேடியது. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து என்னைப் பார்த்தான்.

"முதலாளி, கண்ணாடிக் கைப்பிடியக் காணோம்ங்க" என்றான்.

குரலில் பயமே இல்லை, சார். வண்டியில் ஒரு சாமான் குறைந்தால் எப்போதும் என்னிடம் எப்படி வந்து சொல்வானோ, அப்படிச் சொன்னான்.

"எங்கிட்டத்தான் இருக்கு. நீ நேரா பாத்து ஓட்டு" என்றேன்.

நேராகத்தான் ஓட்டினான். கடைசியில் பிரேக்கை மிதித்திருப்பான் என்று நினைக்கிறேன். பெருக்கில் ஊறிய வண்டல், சக்கரம் நிற்கவில்லை. ஹார்ன் சத்தம் கேட்டது. தண்ணீருக்கு உள்ளேயிருந்தும் கொஞ்ச நேரம் கேட்டது. சமயபுரத்தில் அம்மனுக்கு அடித்த அதே ஹார்ன். நன்றாக உழைத்த வண்டி, அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் நான் குளித்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் அம்பாசடருக்கு என்ன நிறம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் மாரியாயி உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன். அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அவள் தம்பி திருடன் இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டதும் நான்தான், போன பேரை மீட்டுக் கொடுப்பதும் நான்தான். இதற்கு மேல் ஒரு முதலாளி என்ன செய்ய முடியும் என்று அவளையே கேட்டுப் பாருங்கள்.

என்னுடைய சந்தேகம் ஒன்று பாக்கியிருக்கிறது, அற்புதசாமி சார். திருட்டு என்று கிளெய்ம் போட்டது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். வண்டியை யாரும் எடுக்கவில்லை, தண்ணீரில் இறங்கியிருக்கிறது. தண்ணீரில் இறங்கினால் அது விபத்தில் சேரும் என்று உங்கள் ஏஜெண்ட் ஒருமுறை சொன்ன ஞாபகம். டிரைவர் ஓட்டிக்கொண்டு போகும்போது நடந்ததால் துரோகம் என்கிற பேச்சுக்கும் இடமில்லை. ஆகவே திருட்டை அடித்துவிட்டு விபத்து என்று திருத்திக்கொள்ளலாமா என்று கம்பெனியில் கேட்டுச் சொல்லுங்கள். மடுவில் இப்போது ஆளை இறக்கி யாரும் கஷ்டப்பட வேண்டாம். தை மாதம் மேட்டூரில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், மடு இறங்கிவிடும், பச்சைக் கூரை தானாகத் தெரியும். தூக்கிக் கரையில் வைத்து நீங்களே சாவகாசமாகப் பார்த்து மதிப்புப் போடலாம். பார்க்கும்போது, டிரைவர் பக்கத்தில் கண்ணாடிக் கைப்பிடி இல்லையே என்று அதற்காக மட்டும் ஏதும் பிடித்துவிடாதீர்கள். அது மண்டியில் என் மேஜை இழுப்பறையில், எண்ணெய் போட்டுத் துடைத்து, பத்திரமாக இருக்கிறது.